3,500 ரூபாயில் நின்றுபோன சட்டம்

ஐதராபாத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவரை வீட்டு உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொன்னால், அவரைக் காப்பதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. தெலுங்கானா கட்டடங்கள் (குத்தகை, வாடகை, வெளியேற்றம்) கட்டுப்பாட்டுச் சட்டம், 1960 என்பது அதன் பெயர். ஆனால் அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுவதற்கு முன் அவர் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். வீடு கட்டி முடித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவா? மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்படாமல் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்பது விடையானால் அந்தச் சட்டம் அவருக்குரியதன்று.

ஜீடிமெட்லாவிலும் பாலாநகரிலும் ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒற்றை அறைகளுக்கே இன்று அந்தத் தொகை பெரும்பாலும் போதாது. குகட்பள்ளியிலும் மணிகொண்டாவிலும் வசிக்கும் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நாட்டின் பெருநகரங்களுள் ஒன்றில், வாடகைதாரரைக் காக்கும் சட்டம் ஏட்டில் உயிரோடு இருக்கிறது. வாடகைதாரர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

வீடு பார்ப்பது எப்படி, ஒப்பந்தம் எழுதுவது எப்படி, முன்பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று அறிவுரைகள் எங்கும் கிடைக்கின்றன. அவை தேவையானவை, இக்கட்டுரையும் அவற்றுள் சிலவற்றைச் சொல்கிறது. ஆனால் தனிமனித எச்சரிக்கை ஓர் எல்லை வரைதான் துணை நிற்கும். சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் அமைப்பு வந்து நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பை இடதுசாரி இயக்கம் இனியும் தள்ளிப்போட முடியாது.

சட்டம் சுருங்கிய வரலாறு

வாடகைக் கட்டுப்பாடு ஆட்சியாளர்களின் கருணையால் வந்ததன்று. முதல் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் தொழிலாளர்கள் குவிந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். 1915-இல் மேரி பார்பர் போன்ற தொழிலாளர் குடும்பப் பெண்கள் முன்னின்று வாடகை மறுப்புப் போராட்டத்தை நடத்தினர். அந்த ஆண்டின் இறுதிக்குள் சுமார் இருபதாயிரம் குடும்பங்கள் அதில் இணைந்தன. வாடகைதாரர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டபோது கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலையை விட்டு நீதிமன்றத்தின் முன் திரண்டனர். ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்திய நிலையில் நிறுத்திவைக்கும் சட்டத்தை இயற்றியது. 1918-இல் பம்பாயிலும் போர்க்கால வாடகைச் சட்டம் வந்தது.

ஐதராபாத் மாநிலத்தில் 1954-இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆந்திரப் பிரதேசம் உருவான பின் மாநிலம் முழுமைக்கும் பொதுவாக 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தெலுங்கானா பிரிந்தபோது அதே சட்டம் பெயர் மாற்றத்துடன் தொடர்ந்தது. அச்சட்டத்தின் உள்ளடக்கம் இன்றும் படிக்கத்தக்கது. நியாய வாடகையை நிர்ணயிக்கக் கோரலாம். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக்கூடாது. சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்லும் காரணங்கள் இருந்தால் மட்டுமே, அதுவும் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரின் ஆணை பெற்றே, ஒருவரை வெளியேற்ற முடியும். வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தல், உரிமையாளருக்குச் சொந்தத் தேவை ஏற்படுதல் முதலியவையே அக்காரணங்கள். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது அப்பட்டியலில் இல்லை.

சட்டத்தின் உயிர் விலக்குப் பிரிவின் வழியாகத்தான் ஒழுகிப்போனது. 1957 ஆகஸ்ட் 26-க்குப் பின் கட்டப்பட்ட கட்டடங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று தொடக்கத்தில் ஒரு விதி இருந்தது. கால் நூற்றாண்டு கடந்தபின் அந்த விலக்குக்கு நியாயம் இல்லை என்று கூறி, 1983-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. வாடகைதாரருக்குக் கிடைத்த அந்த வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அரசாணை வந்தது. கட்டிப் பத்து ஆண்டுகள் ஆகாத கட்டடங்களுக்கும், மாத வாடகை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் விலக்கு என்றது. 2005-இல் சட்டமே திருத்தப்பட்டது. பத்து ஆண்டு பதினைந்தாயிற்று. வாடகை வரம்பு மாநகராட்சிப் பகுதிகளில் 3,500 ரூபாய், பிற இடங்களில் 2,000 ரூபாய் என்று எழுதப்பட்டது. விலைவாசியோடு சேர்ந்து அந்த வரம்பும் உயர வேண்டும் என்ற ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. வாடகை ஏற ஏற, பாதுகாப்பு தானாகவே கழன்று விழுந்தது. சட்டமன்றத்தில் ஒரு விவாதமும் இன்றி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சட்டத்தின் நிழலிலிருந்து வெளியே தள்ளப்பட்டன.

அப்படித் தள்ளப்பட்டவர்களுக்கு எஞ்சியிருப்பது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதபோது, மாதவாடகைக் குடியிருப்பைப் பதினைந்து நாள் அறிவிப்பு கொடுத்து முடிவுக்குக் கொண்டுவரலாம் என்று அச்சட்டத்தின் 106-ஆம் பிரிவு சொல்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேலைக்குச் செல்லும் பேருந்து, மருத்துவமனை என ஒரு குடும்பம் ஓரிடத்தில் வேர்விட ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பிடுங்கப் பதினைந்து நாள் போதும் என்கிறது காலனியாட்சிக் காலத்துச் சட்டம்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இந்த நிலையில் வாடகைதாரர் தம்மைக் காத்துக்கொள்ளச் சில நடைமுறைகளைக் கட்டாயமாகக் கைக்கொள்ள வேண்டும். தோழர்கள் இவற்றைத் தங்கள் பகுதி மக்களுக்கு எடுத்துச் சொல்வதும் அரசியல் பணியே.

முதலாவது, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. அந்தச் செலவையும் கணக்கையும் தவிர்க்கத்தான் பதினொரு மாதத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். பதினொரு மாதம் முடிந்தவுடன் வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உரிமையாளர் வாடகையைத் தொடர்ந்து பெற்றுக்கொண்டு வந்தால் குடியிருப்பும் மாதவாடகையாகத் தொடர்கிறது. பிறகு முறையான அறிவிப்பு தேவை. வாய்ப்புள்ளவர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்வது இரு தரப்பாருக்கும் நல்லது.

ஒப்பந்தத்தில் வாடகையையும் முன்பணத்தையும் மட்டும் எழுதினால் போதாது. வாடகை எப்போது, எத்தனை விழுக்காடு உயரும். காலி செய்ய இரு தரப்பும் எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும். பராமரிப்புக் கட்டணம் யாருடையது. மோட்டார் பழுதானால், கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது. காலி செய்த பின் எத்தனை நாளுக்குள் முன்பணம் திரும்பும் - இவை அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். வெள்ளையடிக்கும் செலவு என்ற பெயரில் ஒரு மாத வாடகையை முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் வழக்கம் ஐதராபாத்தில் பரவலாக உண்டு. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அதே பிடித்தம் என்பது நியாயமாகாது. அதைப் பற்றி நுழையும் நாளிலேயே பேச வேண்டும்.

இரண்டாவது, வாடகை செலுத்தியதற்கான சான்று. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது பெறாதவர், வழக்கு என்று வரும்போது வாடகை பாக்கி வைத்தவராகவே காட்டப்படுவார். வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ செலுத்தினால் கணக்கு தானாகவே பதிவாகும். ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வருமானவரி விலக்குக் கோரும் ஊழியர் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். ரசீது தர உரிமையாளர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தகராறு முற்றி உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், வாடகைதாரர் சும்மா இருந்துவிடக்கூடாது. அஞ்சல் பணவிடை வழியாகவோ வங்கி வழியாகவோ அனுப்பி, அனுப்பியதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நுழையும் நாளின் பதிவு. சுவர், கதவு, குழாய், மின்விளக்கு ஆகியவற்றைப் படமெடுத்து, மின்கணக்கியின் எண்ணிக்கையைக் குறித்து, உரிமையாளருக்கே அனுப்பிவைத்துவிட்டால் பின்னாளில் எழும் பாதிச் சண்டைகள் எழாமலே போகும். மின்கட்டண பாக்கி, தண்ணீர்க் கட்டண பாக்கி உள்ளதா என்பதையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, அரசுத் திட்டங்களின் பயன் யாருக்குப் போகிறது என்ற கணக்கு. ஐதராபாத்தில் வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை குடிநீர்க் கட்டணம் இல்லை என்ற திட்டம் 2021 ஜனவரியில் தொடங்கியது. மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மின்கட்டணம் இல்லை என்ற கிருக ஜோதி திட்டம் 2024-இல் வந்தது. வாடகைதாரரும் அதற்குத் தகுதியுடையவரே. ஆனால் அந்தச் சலுகை குடும்ப அட்டையோடும் மின் இணைப்பு எண்ணோடும் கட்டப்பட்டிருக்கிறது. வீடு மாறுபவர் இணைப்பு எண்ணை மாற்றிப் பதியாவிட்டால் சலுகை பழைய வீட்டிலேயே தங்கிவிடும். ஒரே கணக்கியில் மூன்று, நான்கு போர்ஷன்கள் ஓடும் வீடுகளில் பயன் அவர்களுக்குக் கிட்டுவதே கடினம். தமக்கு வராத கட்டணத்தை வாடகைதாரரிடம் வசூலிக்கும் உரிமையாளர்களை, ஒப்பந்தத்தையும் கட்டண ரசீதையும் முன்வைத்துத்தான் கேள்வி கேட்க முடியும்.

ஐந்தாவது, வெளியேற்றத்தை எதிர்கொள்ளும் முறை. பதினைந்து நாள் அறிவிப்பு வந்துவிட்டாலே வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பதில்லை. அறிவிப்புக்குப் பின்னும் நீதிமன்ற ஆணையின்றி எவரையும் வலுக்கட்டாயமாக வெளியேற்றக் கூடாது. பூட்டை உடைத்துப் பாத்திரங்களைத் தெருவில் வீசினால் காவல்நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். அத்துடன், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் ஆறாம் பிரிவின்படி, சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து மீண்டும் குடியேறும் உரிமையைக் கேட்கலாம். அந்த வழக்கில், வீடு யாருக்குச் சொந்தம் என்பது கேள்வியன்று; குடியிருந்தவர் முறைப்படி வெளியேற்றப்பட்டாரா என்பதே கேள்வி.

ஆறாவது, வாக்குரிமை. வீடு மாறியவர் படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். இதை அலுவலகச் சடங்கு என்று ஒதுக்க முடியாது. 2025-இல் பீகாரில் நடந்த வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தின்போது, ஆகஸ்டு முதல் நாள் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றுள் சுமார் 36 லட்சம் பேர் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் காணப்படாதவர்கள் என்று கணக்கிடப்பட்டனர். அடிக்கடி வீடு மாறும்படி விரட்டப்படும் மக்களின் குரலை வாக்குச்சாவடியிலும் அடக்குவது எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காகிதம் இல்லாதவர் கணக்கிலும் இல்லாதவர் என்பதை மூசி ஆற்றங்கரை காட்டியது. 2024 செப்டம்பரில் அங்கே வீடுகளின் சுவர்களில் அதிகாரிகள் சிவப்பு நிறத்தில் ‘ஆர்பி-எக்ஸ்’ என்று குறியிட்டார்கள். பல பத்தாண்டுகளாகச் சொந்த வீட்டில் வாழ்ந்தோரே தங்கள் உரிமையை நிறுவப் பத்திரம் தேடி அலைந்தார்கள். அத்தகைய பஸ்திகளில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருப்பவர், குடியிருப்பைக் காட்ட ஒரு தாளும் இன்றி எந்த மறுவாழ்வுப் பட்டியலில் இடம் கேட்பார்?

ஆணை பிறந்தது, அடுப்பு எரியவில்லை

காகிதம் இருந்தாலும் போதாது என்பதற்கு 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கே பாடம். அந்த ஆண்டு மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது என்றும் அவர்களை வெளியேற்றினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஆணையிட்டது. ஏப்ரலில் தெலுங்கானா அரசு ஒரு படி மேலே சென்று, மார்ச் முதல் மே வரை மூன்று மாத வாடகையைக் கேட்கக்கூடாது, பின்னர் வட்டியின்றித் தவணைகளில் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தது.

ஆணைகள் நல்லவை. ஆனால் அவற்றை நிறைவேற்ற எந்த அலுவலரும் வீடு வீடாக வரவில்லை. வேலை போனவருக்குக் கூலி திரும்பவில்லை. வாடகை தள்ளிவைக்கப்பட்டதே தவிரத் தள்ளுபடி ஆகவில்லை. அதே காலத்தில், ஐதராபாத்தை அடுத்த கந்தியில் ஐஐடி வளாகக் கட்டுமானத்தில் இருந்த புலம்பெயர் தொழிலாளர்கள் கூலி கேட்டும் ஊருக்கு அனுப்பக் கோரியும் ஏப்ரல் இறுதியில் போராடினர். மே முதல் நாள், தொழிலாளர் தினத்தன்று விடியற்காலையில், லிங்கம்பள்ளி நிலையத்திலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குச் சுமார் 1,200 தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நாட்டின் முதல் சிறப்பு ரயில் புறப்பட்டது. வாடகை ஆணையை நம்பி அவர்கள் காத்திருக்கவில்லை. திரண்டு நின்றதால்தான் ரயில் வந்தது.

அந்த நெடும்பயணங்களின் காட்சி உலகை உலுக்கிய பிறகு, 2020 ஜூலையில் ஒன்றிய அரசு கட்டுப்படியாகும் வாடகைக் குடியிருப்புத் திட்டத்தை அறிவித்தது. ஏற்கெனவே அரசுப் பணத்தில் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வாடகைக்கு விடுவது அதன் ஒரு பகுதி. வீடின்றி மக்களும், மக்களின்றி வீடுகளும் ஒரே நாட்டில் இருந்ததை அரசே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

மாதிரிச் சட்டம் யாருக்கு முன்மாதிரி?

2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்து, மாநிலங்களைப் பின்பற்றச் சொன்னது. அதில் வரவேற்கத்தக்க விதிகள் உண்டு. குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டுக்குள் வர உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டுப் பழகிய பெங்களூரு போன்ற நகரங்களில் இவை சிறிய மாற்றங்களல்ல.

ஆனால் சட்டத்தின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது. வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. அது ‘இரு தரப்பின் உடன்பாடு’. ஒரு பக்கம் பல வீடுகளை வைத்திருப்பவர். மறுபக்கம் மாதக் கடைசிக்குள் கூரை தேட வேண்டியவர். அவர்களிடையே பிறப்பதை உடன்பாடு என்று அழைப்பது, ஆலை வாசலில் பசியோடு நிற்பவரின் கையெழுத்தைச் சுதந்திர ஒப்பந்தம் என்று அழைப்பதைப் போன்றதே. காலக்கெடு முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை செலுத்த வேண்டும் என்ற விதியோ கூர்மையாக எழுதப்பட்டிருக்கிறது.

தமிழ்நாடு இவ்வழியில் முன்பே நடந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. முன்பணம் மூன்று மாத வாடகை என்ற வரம்பு அதில் உண்டு. கூடவே, உரிமையாளரும் வாடகைதாரரும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகவும் சேர்க்கப்பட்டது. ஒப்பந்தத்துக்கு உரிமையாளரே உடன்படாத நிலையில், அந்தக் குறையின் சுமை யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தெலுங்கானாவில் புதிய சட்டம் வரும்போது இந்தப் பாடம் நினைவில் இருக்க வேண்டும்.

சாதி கேட்கும் வாசல்

வாடகை வீடு தேடுபவர் எதிர்கொள்ளும் முதல் கேள்வி பல தெருக்களில் வாடகையைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்பதே முதல் கேள்வி. ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்ற பலகை உணவைப் பற்றிப் பேசுவதுபோல் சாதியையும் மதத்தையும் வடிகட்டுகிறது. தலித்துகள், முஸ்லிம்கள், தனித்து வாழும் பெண்கள், திருநங்கைகள் ஆகியோர் கூடுதல் வாடகை தரச் சம்மதித்தும் வீடு கிடைக்காமல் திரும்புகிறார்கள். சுகதேவ் தோரட் முதலிய ஆய்வாளர்கள் தில்லியிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, சாதியும் மதமும் வாடகைச் சந்தையின் வாயிற்காவலராக நிற்பதை உறுதிப்படுத்தியது.

கடை, உணவகம், கிணறு, சாலை ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்யும் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் வாடகை வீடு பெயர் சுட்டிச் சொல்லப்படவில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே என்று வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் வகுத்த விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாதிரி வாடகைச் சட்டத்திலும் பாகுபாட்டைத் தடுக்கும் ஒரு விதி இல்லை.

செகந்திராபாத் 1806-இல் பாசறை நகராகப் பெயர் பெற்ற காலம் தொட்டு, சென்னைப் படைப்பிரிவுகளோடும் அவற்றைத் தொடர்ந்த தொழில்களோடும் வந்த தமிழர்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இன்று கணினி நிறுவனங்களுக்காகச் செல்லும் இளைஞர்களும் வேற்றூரில் வீடு தேடுபவர்களே. வேற்று மொழிக்காரராக வீடு தேடி அலைவது என்னவென்று அறிந்த தமிழ்ச் சமூகம், சென்னையிலும் திருப்பூரிலும் வட மாநிலத் தொழிலாளிக்கு ஒரே அறையில் பத்துப் பேருக்குத் தனித்தனி வாடகை வாங்குவதைக் கண்டும் காணாமல் இருக்கக்கூடாது.

வீட்டுக்காரர் தோழராக இருந்தால்

கட்சி உறுப்பினர்களிலும் ஆதரவாளர்களிலும் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டு அதில் ஓய்வுக்காலத்தை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பெருமுதலாளிகளோடு சேர்த்து எண்ணுவது தவறு. சிறு உரிமையாளருக்கும் அச்சங்கள் உண்டு: வாடகை நின்றுவிடுமோ, வீடு திரும்பாதோ, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்குமோ என்று. எழுத்து ஒப்பந்தமும் பதிவும் அவரையும் காக்கின்றன. வாடகைதாரரை எதிரியாகப் பார்க்கும் மனநிலை அவருக்கு நன்மை செய்வதில்லை.

ஆனால் மேடையில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாக நடக்கும் உரிமை கட்சி உறுப்பினருக்கு இல்லை. வாடகைக்கு விடும் தோழர் சாதி, மதம், உணவு கேட்கக்கூடாது. சட்டம் விலக்கு அளித்திருந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ஒவ்வொரு மாதமும் ரசீது தர வேண்டும். அரசு தரும் தண்ணீர், மின்சாரச் சலுகையை வாடகைதாரருக்கே சேர்ப்பிக்க வேண்டும். காலி செய்யச் சொல்லும்போது பள்ளி ஆண்டு முடியும்வரையேனும் அவகாசம் தர வேண்டும். காலி செய்யும் நாளிலேயே கணக்கு முடித்து முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்த ஆறையும் பின்பற்றாதவர் வாடகைதாரர் கூட்டத்தில் பேச எழுந்தால், கேட்பவர்கள் அவருடைய வாடகைதாரரிடம் போய் விசாரிப்பார்கள்.

கேள்வியும் பணியும்

‘வாடகைப் பிரச்சினை நடுத்தர வர்க்கத்தின் கவலை, உழைக்கும் வர்க்கத்தின் மையப் பிரச்சினை அதுவன்று’ என்று கட்சிக்குள் கேட்கும் குரல் புதியதன்று. எங்கெல்ஸ் 1872-இல் லைப்சிக்கின் ‘ஃபோல்க்ஸ்ஷ்டாட்’ இதழில் குடியிருப்புப் பிரச்சினை குறித்து எழுதத் தொடங்கியபோது, வாடகைதாரர் - உரிமையாளர் உறவைத் தொழிலாளி - முதலாளி உறவோடு சமப்படுத்தக் கூடாது என்று எச்சரித்தது உண்மை. ஒவ்வொரு தொழிலாளியையும் சிறு வீட்டின் சொந்தக்காரராக்கிவிட்டால் பிரச்சினை தீரும் என்ற கனவையும் அவர் மறுத்தார். நகரத்தை அழகுபடுத்துவோர் சேரியை ஒழிப்பதில்லை, வேறிடத்துக்கு மாற்றுகிறார்கள் என்று அவர் காட்டியதை மூசிக் கரையில் இன்றும் காணலாம். ஆனால் அந்த எச்சரிக்கையை, வீட்டுப் பிரச்சினையைக் கைவிடுவதற்கான அனுமதியாகப் படிப்பது பிழை. கூலியில் வென்றெடுத்த உயர்வு அடுத்த மாதமே வாடகையில் பறிபோகுமானால், அந்தப் போராட்டம் பாதியில் நின்றதாகவே பொருள்.

எண்களும் அதையே சொல்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 விழுக்காடு வாடகை வீடுகளில் வாழ்ந்தன. அதே கணக்கெடுப்பில் நகரங்களில் சுமார் 1.11 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. 2012-இல் ஒன்றிய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாயினருக்கும் உரியது. ‘வாடகையைக் கட்டுப்படுத்தினால் வீடு கட்ட ஆள் வராது’ என்போர், ஐதராபாத்தில் பதினைந்து ஆண்டு விலக்கும் 3,500 ரூபாய் வரம்பும் இருந்தும் ஏழைக்கான வீட்டைச் சந்தை ஏன் கட்டவில்லை என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

அரசு கட்டினாலும் எங்கே கட்டுகிறது என்பது முக்கியம். 2023 ஜூனில் கொல்லூரில் 15,660 இரட்டைப் படுக்கையறை வீடுகள் திறக்கப்பட்டன. வீடுகள் நல்லவை. ஆனால் வெளிவட்டச் சாலை ஓரத்திலிருந்து நகரின் நடுவில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண் எப்படி வந்து போவார் என்ற கேள்வி எஞ்சுகிறது. வேலை நடக்கும் இடத்துக்கு அருகில், அரசின் உடைமையாகவே இருந்து, கட்டுப்படியாகும் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளே தேவை. முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவின் சோசலிச நகராட்சி, பணக்காரர் மீது வரி விதித்து 1934-க்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டது. அது கற்பனையன்று, அவ்வீடுகளில் இன்றும் மக்கள் வசிக்கிறார்கள்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 3,500 ரூபாய் வரம்பை நீக்க வேண்டும் அல்லது வாடகை உயர்வோடு இணைக்க வேண்டும். புதிய கட்டடங்களுக்கான பதினைந்து ஆண்டு விலக்கைக் குறைக்க வேண்டும். முன்பணத்துக்கு வரம்பு, ஆண்டு வாடகை உயர்வுக்கு வரம்பு, காரணமின்றி வெளியேற்றத் தடை, சாதி மதப் பாகுபாட்டுக்குத் தண்டனை ஆகியவை சட்டத்தில் இடம்பெற வேண்டும். பொது வாடகைக் குடியிருப்புக்கு நகர நிலத்தில் பங்கு ஒதுக்க வேண்டும்.

கோரிக்கை மனுவோடு பணி முடிவதில்லை. ஒவ்வொரு பஸ்தியிலும், ஒவ்வொரு தொழிற்பேட்டையின் சுற்றுப்புறத்திலும் வாடகைதாரர் குழு ஒன்று வேண்டும். கட்சி அலுவலகத்தில் தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் ஆகிய மொழிகளில் மாதிரி ஒப்பந்தப் படிவம் கிடைக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை வழக்கறிஞர் ஒருவர் அங்கே அமர வேண்டும். பூட்டு உடைக்கப்பட்ட வீட்டின் முன் ஒரு மணி நேரத்துக்குள் இருபது தோழர்கள் வந்து நிற்பார்கள் என்ற நம்பிக்கை பகுதி மக்களிடம் வேர்விட வேண்டும். கிளாஸ்கோவின் பெண்கள் சட்டம் வரும்வரை காத்திருந்து போராடவில்லை. அவர்கள் போராடியதால்தான் சட்டம் வந்தது.